தோற்கத் தெரியாத மாப்பிள்ளை

கோர்ட்டுக்குப் புறப்படுகிற புருஷனிடம் எந்தப் பெண்டாட்டியும் "ஜெயிச்சுட்டு வாங்க" என்றுதான் சொல்லுவாள். மாப்பிள்ளையின் பெண்டாட்டி வாசல் வரை வந்து, அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "இன்னைக்காவது தோத்துட்டு வாங்க" என்றாள்.

"என்னால முடிஞ்சதைச் செய்யறேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. போங்க, நானும் பின்னாடியே வரேன். நான் பாத்தாத்தான் நீங்க ஒழுங்கா தோப்பீங்க."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அடி வாங்கியது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அடித்தது அவளைக் கட்டியவன். இவன் தோற்றால் அண்ணனின் காதுக்கு வைத்தியம் நடக்கும். ஜெயித்தால் நடக்காது. இவ்வளவுதான் வழக்கு. இது வீட்டில் எல்லோருக்கும் புரிந்திருந்தது. சட்டம் படித்த ஒருவருக்கும் புரியவில்லை.

அண்ணனும் இவனும் ஒரே லாண்டரியில் மடிப்பு வேலை பார்த்தார்கள். அண்ணன் இவனை "மாப்ள" என்றும் இவன் அவனை "மச்சான்" என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, லாண்டரி முழுக்க அதுவே பெயராகிவிட்டது. முதலாளிகூட "அந்த மச்சானைக் கூப்பிடு" என்றுதான் சொல்லுவார். ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் அனுப்புகிற படுக்கை விரிப்புகள் அங்கே மலைமலையாய் வந்து விழும். பெரிய விரிப்பை ஒற்றை ஆளாய் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, முனைகளைப் பிடித்து, உதறி, இழுத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் வரவேண்டும். தூக்கிப் பிடித்த துணிக்குப் பின்னால் எதிராளியின் முகம் தெரியாது. ஆகவே மாப்பிள்ளை "ஹோய்" என்று ஒரு குரல் கொடுப்பான். மச்சான் உடனே அடியெடுத்து வைப்பான். நடுவில் முனையும் முனையும் முத்தமிட்டுக்கொள்ளும்.

மச்சானின் வலது காது எப்போதோ மந்தமாகிவிட்டது. துணி காயவைக்கிற மிஷின் பக்கம் நிற்கிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான். இடது காதுதான் நல்ல காது. மாப்பிள்ளையின் வலது கை போய் விழுந்தது அந்த இடது காதில். விழுந்ததா, அவனே விழவைத்தானா என்பதுதான் அவனைத் தூங்கவிடாத கேள்வி.

போலீஸ்காரர் "மச்சான் மாப்பிள்ளை சண்டைக்கெல்லாம் கேஸ் போட்டா நாங்க எப்பய்யா திருடனைப் பிடிக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கிழிந்த செவிப்பறையைச் சரிசெய்யலாம் என்று டாக்டர் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்து அதிகாரி, வேலையிடத்தில் நடந்த தாக்குதல்தான் என்று சிவில் கோர்ட் தீர்ப்புச் சொன்னால்தான் காதுக்குச் செலவழிக்க முடியும் என்றார். "இவர்தான் அடிச்சார், நான்தான் வாங்கினேன், ரெண்டு பேரும் இங்கயே நிக்கிறோம்" என்று மச்சான் சொல்லிப் பார்த்தான். அதிகாரி, "நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அது உண்மை ஆயிடுமா? எதிர்த்துப் பேசி நிரூபிச்சாத்தான் உண்மை" என்று விளக்கினார்.

சரி, எதிர்த்துப் பேசுவோம் என்று இரண்டு பேரும் மாப்பிள்ளையின் ஸ்கூட்டரிலேயே கோர்ட்டுக்குப் போனார்கள். பின்னால் வருகிற வண்டிச் சத்தம் கேட்காததால் மச்சானால் இப்போது வண்டி ஓட்ட முடியாது. வழக்குப் பதிவு செய்யும் குமாஸ்தா ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டார்.

"வாதியும் பிரதிவாதியும் ஒரே வண்டியில வரக்கூடாது. கூட்டுச் சதின்னு ஆயிடும்."

"அப்ப ஒருத்தர் நடந்து வரணுமாங்க?"

"பகையா இருக்கிறவங்க எப்படி வருவாங்களோ அப்படி வாங்க."

மறுநாள் மாப்பிள்ளை மச்சானை ஸ்கூட்டரில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டான். அங்கிருந்து மச்சான் பகையாக நடந்து வந்தான்.

மாப்பிள்ளைக்கு வக்கீல் வைத்தது லாண்டரி. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். வழக்கில் லாண்டரியும் ஒரு பிரதிவாதி. வக்கீல் அகலமான மனிதர். அவர் அறை அதைவிட அகலம்.

"கவலையே படாதீங்க. நீங்க அடிக்கல" என்றார் அவர்.

"அடிச்சேன் சார்."

"அடிச்சீங்க. ஆனா அடிக்கல. தற்காத்துக்கிட்டீங்க. சொல்லுங்க, அவர் உங்களை நோக்கி எப்படி வந்தார்?"

"விரிப்பைப் பிடிச்சுக்கிட்டு."

"கை எங்க இருந்தது?"

"தலைக்கு மேல சார். துணி தரையில படக்கூடாதில்ல."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். "தலைக்கு மேல ரெண்டு கையையும் ஓங்கிக்கிட்டு, கையில துணியோட, முகத்தையும் மறைச்சுக்கிட்டு உங்களைப் பாத்து வந்தார். கேக்கற எனக்கே உடம்பு நடுங்குது. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்."

"ஒண்ணும் இல்ல சார். தினமும் அப்படித்தான் வருவார்."

"தினமும்" என்று வக்கீல் எழுதிக்கொண்டார். "தொடர்ச்சியான அச்சுறுத்தல்."

மாப்பிள்ளை நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான். யாரிடமும் சொல்லாததை அந்த அகலமான அறையில் சொன்னான். அன்றைக்கு ஒரு அடுக்கு விரிப்பு முழுக்க ஓரம் கோணலாகப் போய்விட்டது. கோணல் இவனுடையது. காலையிலிருந்தே ஏனோதானோவென்றுதான் இழுத்துக்கொண்டிருந்தான். மேலாளர் வந்து "எவன்யா மடிச்சது" என்று கத்தினார். இவன் வாய் திறப்பதற்குள் மச்சான், "விடுங்க சார், என் தப்புதான்" என்று முந்திக்கொண்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்தே அப்படி. இவன் வண்டியைக் கொண்டுபோய் சுவரில் முட்டினால் "என் தப்பு, நான்தான் அவசரப்படுத்தினேன்." இவன் வீட்டுக்குத் தாமதமாகப் போனால் "என் தப்பு, நான்தான் பேச்சுக் குடுத்தேன்." மேலாளர் போனதும், "மச்சான் இருக்கிற வரைக்கும் மாப்பிள்ளை முதுகுல அடி விழாது" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த விரிப்போடு மச்சான் வந்தான். அவனும் சிரித்துக்கொண்டுதான் வந்தான். துணிக்கு மேலாகவே ஓங்கி ஒன்று விட்டான் மாப்பிள்ளை.

"என்னைக் காப்பாத்தினதுக்குத்தான் சார் அடிச்சேன். அதைத்தான் கோர்ட்ல சொல்லணும்."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். பிறகு அன்பாகவே சொன்னார். "ரொம்ப நல்ல உண்மை. பத்திரமா வீட்டுல வச்சுக்குங்க. இங்க கொண்டுவந்தா கெட்டுப்போயிடும். பாருங்க, நீங்க தோத்தா கம்பெனியும் தோக்கும். நீங்க மனுஷன். அழுவீங்க, புலம்புவீங்க, நாலு நாள்ல மன்னிப்புக் கேட்டு ஆறிப்போயிடுவீங்க. கம்பெனியால அழ முடியுமா? அதுக்குக் கண் இருக்கா, மனசாட்சி இருக்கா? ஒண்ணுமே இல்லாத அந்த ஜீவனை நாமதான காப்பாத்தணும்."

"வேற வக்கீல் வச்சுக்கட்டுமா சார்?"

"தாராளமா. ஆனா தோக்கறதுக்கு வக்கீல் வைக்கிறது, சாகறதுக்கு டாக்டர் வைக்கிற மாதிரி. தானா நடந்தா நடக்கலாம். கேட்டு வாங்கக் கூடாது."

கோர்ட்டுக்குப் பதிலாக அகல வக்கீல் எழுதி நீட்டிய எதிருரையில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, மாப்பிள்ளை மச்சானின் வக்கீலிடமே போனான். அவர் ஒல்லி. "நானே ஒத்துக்கிறேன், நீங்க ஜெயிச்சுக்குங்க" என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஒப்புதல்ல ஜெயிக்கிறது ஒரு ஜெயிப்பா? குறுக்கு விசாரணைக்கு ராத்திரி பகலா கேள்வி தயார் பண்ணி வச்சிருக்கேன். அதுல பாதி ரொம்ப அழகான கேள்விகள். அதையெல்லாம் நான் எங்க போய்க் கேக்கறது?"

கடைசி வழியாக, விசாரணைக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டான். பிரதிவாதி வராவிட்டால் வாதிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்துவிடும் என்று டீக்கடையில் ஒருவர் சொல்லியிருந்தார். ஆனால் நீதிபதிக்கு இளகிய மனசு. "பாவம், உடம்புக்கு என்னவோ" என்று வாய்தா கொடுத்தார். அடுத்த முறையும் போகவில்லை. அடுத்த முறையும் பாவம். அதற்கும் அடுத்த முறை நீதிபதி கவலைப்பட்டு, பிரதிவாதியைப் பத்திரமாக அழைத்துவரும்படி ஒரு போலீஸ்காரரை அனுப்பிவைத்தார்.

அப்படிப் போய் நின்ற அன்றுதான் இடைக்கால உத்தரவு பிறந்தது. "வழக்கு முடியும் வரை இருவரும் ஒருவரை ஒருவர் நெருங்கக் கூடாது. ஆயினும் எவருடைய பிழைப்பும் கெடக் கூடாது. இருவரும் வழக்கம்போல் வேலை பார்க்க வேண்டும்." மச்சான் அதுவரை மருத்துவ விடுப்பில் இருந்தான். உத்தரவுக்குப் பணிந்து மறுநாளே வேலைக்கு வந்தான். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று விரிப்பை நீள வாக்கில் ஒரு மடிப்பு மடிப்பார்கள். அதற்குமேல் போக வேண்டுமானால் நெருங்க வேண்டும். ஆகவே அப்படியே கீழே வைத்துவிட்டு அடுத்த விரிப்பை எடுப்பார்கள். ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பாம்பு மாதிரி நீள நீளமாய் விரிப்புகள் போய்ச் சேர்ந்தன. லாண்டரி முதலாளி, மடிக்கும் பொருட்டு மட்டும் நெருங்க அனுமதி கேட்டு மனுப் போட்டார். பகை உணர்ச்சியோடு நெருங்குவதையும் பகையில்லாமல் நெருங்குவதையும் யார் பக்கத்தில் நின்று பிரித்துப் பார்ப்பது என்று நீதிபதி கேட்டார். அந்த மனு தனி வழக்காகி, அதற்குத் தனி வாய்தா ஓடிக்கொண்டிருந்தது.

இப்படியாக, பெண்டாட்டி காலரைச் சரிசெய்து அனுப்பிய அந்த நாளும் வந்தது. கடைசி விசாரணை. கோர்ட் கூடத்தின் பின் பெஞ்சில் அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒல்லி வக்கீல் தன் அழகான கேள்விகளையெல்லாம் கேட்டார். அதில் ஒன்றுகூட "அடித்தாயா" என்பதாக இல்லை. அகல வக்கீல் எழுந்து, "வாதிக்குக் காது கேட்கவில்லை என்பதே பொய். நாம் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறாரே" என்றார். மச்சான் பேசுகிறவர்களின் உதட்டைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பிறகு அசைவியல் நிபுணர் ஒருவர் வந்தார். கையைத் தூக்கிக்கொண்டு வருகிற மனிதன் எந்த நேரமும் அதை இறக்கக் கூடும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

"நீங்கள் விரிப்பு மடித்ததுண்டா?" என்று நீதிபதி கேட்டார்.

"வீட்டில் மடித்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன் ஐயா."

நீதிபதி நேரிலேயே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். சான்றுப்பொருளாக வந்திருந்த விரிப்பைப் பிரிக்கச் சொன்னார். முதலில் நிபுணரும் பெஞ்ச் கிளார்க்கும் மடித்துக் காட்டினார்கள். கிளார்க்கின் தலை உள்ளே மாட்டிக்கொண்டது. டவாலிச் சேவகர் வந்து உருவி எடுத்தார். "சம்பந்தப்பட்டவர்களே செய்யட்டும். நெருங்குவதற்கு இந்த ஒரு தடவை அனுமதி தருகிறேன்" என்றார் நீதிபதி.

இரண்டு பேரும் முனைகளைப் பிடித்தார்கள். உதறினார்கள். காது போன நாளுக்குப் பிறகு இப்போதுதான் முழுசாக மடிக்கப் போகிறார்கள். துணி மேலே எழும்பியது. மச்சானின் முகம் அதற்குப் பின்னால் மறைந்தது. மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"ஹோய்" என்றான்.

விரிப்பு அசையவில்லை.

"ஹோய்" என்றான், இன்னும் உரக்க. லாண்டரியில் அத்தனை மிஷின் இரைச்சலில் இதைவிட மெதுவாகத்தான் கூப்பிடுவான். கூடத்தில் ஊசி விழுந்தாலும் கேட்கும். துணிக்கு மேலே மச்சானின் இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன. கூப்பிடுவான் என்று பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தன.

யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் உதட்டைப் பார்த்துத் தலையாட்டித் தலையாட்டி, மச்சான் இவனையும் அல்லவா ஏமாற்றியிருக்கிறான். கொஞ்சம் மந்தம் என்றுதான் இவன் நினைத்திருந்தான். சுத்தமாகப் போய்விட்டது. அவன் முனைகளைக் கீழே போட்டான்.

"ஐயா, நான்தான் அடிச்சேன். அவர் என்னை ஒண்ணும் செய்யல. எந்தக் காது நல்ல காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அடிச்சேன்."

அகல வக்கீல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"தற்காப்புக்காக என்று நீ கையெழுத்துப் போட்ட எதிருரை என் முன்னால் இருக்கிறது. முத்திரை குத்தி, பக்க எண் போட்டு, கோர்ட்டில் ஏறிய உண்மை அது. நீ இப்போது சொல்வதற்குப் பக்க எண் இருக்கிறதா?"

"வாயாலதாங்க சொல்றேன்."

"அதைத்தான் கேட்கிறேன். இந்த நீதிமன்றம் இத்தனை நாள் உன்னை நிரபராதியாக வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. எத்தனை வாய்தா, எத்தனை மனு, ஒரு நிபுணர். கடைசி நாளில் வந்து குற்றவாளி என்கிறாய். உனக்கு நன்றி இருக்கிறதா? ஒன்று எதிருரை பொய், அல்லது நீ பொய். எதிருரையைச் சிறையில் போட முடியாது." அவர் போலீஸ்காரரைப் பார்த்தார்.

போலீஸ்காரர் வந்து மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். பின் பெஞ்சில் அவன் பெண்டாட்டி எழுந்து நின்றுவிட்டாள். என்ன நடக்கிறது என்று மச்சான் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஒல்லி வக்கீல் அவன் முகத்துக்கு நேரே குனிந்து, கூடமே கேட்கும்படி, "பொய் சொன்னதுக்கு உங்க மாப்பிள்ளையை உள்ள தள்ளப் போறாங்க. அடிச்சேன்னு சொல்றார். நீங்க வாயைத் திறக்காதீங்க, நமக்கு நல்லது" என்று கத்தினார். உதட்டைப் பார்த்தே மச்சானுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. தங்கச்சியைப் பார்த்தான். மாப்பிள்ளையைப் பார்த்தான்.

"விடுங்கய்யா. என் தப்புதான்" என்றான். "நான்தான் கையை ஓங்கிக்கிட்டு வந்தேன். பயந்து போய் தட்டிவிட்டார். எதிருரையில இருக்கிறதுதான் நிஜம்."

அதே வார்த்தை. அதே சிரிப்பு. மாப்பிள்ளையின் வலது கை தானாக மேலே எழுந்தது. இந்தத் தடவை அவன் அதை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

நீதிபதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயே தீர்ப்பைச் சொன்னார். "அடிக்கிற கைதான் அணைக்கும் என்பது முதுமொழி. ஆகவே அணைக்க வருகிற கை அடிக்கவும் கூடும் என்பதை இந்த நீதிமன்றம் கவனத்தில் கொள்கிறது. வாதியே உண்மையை ஒப்புக்கொண்டார். பிரதிவாதி உணர்ச்சிவசப்பட்டு உளறிய உண்மைக்கு மாறான ஒப்புதல் பெருந்தன்மையோடு மன்னிக்கப்படுகிறது. காது தற்காப்பினால் போனது. வழக்கு தள்ளுபடி. யாரும் யார்மீதும் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. அதற்கான முகாந்திரம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை."

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஆள், தற்காப்பினால் போன காதுக்கு விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார். அகல வக்கீல் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எந்தக் கை என்று மாப்பிள்ளை குனிந்து பார்த்தான், வலது கைதான். பின் பெஞ்சு காலியாக இருந்தது. அவள் அவன் பக்கம் திரும்பாமலே வெளியே போய்விட்டாள்.

கூடம் காலியானதும் பெஞ்ச் கிளார்க் வந்து நின்றார். "சான்றுப்பொருள் எப்படி வந்துச்சோ அப்படியே மடிச்சு ரிக்கார்டு ரூமுக்குப் போகணும். எங்களுக்கு வராது. நீங்களே மடிச்சுக் குடுத்துடுங்க."

இருவரும் தரையில் கிடந்த விரிப்பின் முனைகளை எடுத்தார்கள். உதறினார்கள். மாப்பிள்ளை வழக்கப்படி வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். முனையைப் பிடித்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தான். மச்சானுக்கு அது போதுமாக இருந்தது. கையைத் தூக்கியபடி வந்தான். நடுவில் முனையோடு முனை சேர்ந்தது, துணி இறங்கியது, முகத்துக்கு நேரே முகம்.

"ஓரம் கோணுது" என்றான் மச்சான்.

"என் தப்பு" என்றான் மாப்பிள்ளை, உதடு நன்றாகத் தெரியும்படி.

மச்சான் வழக்கமான பதிலுக்கு வாயெடுத்தான். சொல்லவில்லை. மாப்பிள்ளையின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்து, அதற்கு அடியில் இத்தனை நாளும் வலித்துக்கொண்டிருந்த முகம் வெளியே வந்தது.

"ஆமா" என்றான். "உன் தப்புதான்."

மாப்பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இதற்காகத்தானே இத்தனை நாள் இந்தக் கட்டடத்துக்கு நடையாய் நடந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் பக்கத்து ஓரத்தை இழுத்து நேராக்கினான்.